பாட்டி கேட்ட கேள்வி: கொரியக் கிராமத்தில் ஒரு நாள்

கொரியா என்றதும் நம் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவை தொலைக்காட்சித் தொடர்களும் இசைக்குழுக்களும்தாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச் முதல் டிசம்பர் வரை மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் சியோலில் பயிலும் வாய்ப்புக் கிட்டியது. விரிவுரை மண்டபத்தில் கற்றவற்றுள் பாதி இப்பொழுதே மறந்துவிட்டது. மறக்க முடியாதது செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. அன்று ஒரு கிராமத்து வீட்டின் திண்ணையில் ஒரு பாட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. அந்தக் கேள்வியைத் தமிழ் நண்பர்களாகிய உங்கள்முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

புல் வெட்ட ஓர் அழைப்பு

என் தோழி மலாய் மொழியைப் பாடமாகப் பயில்பவள். வாரம் இருமுறை சந்திப்போம். ஒரு மணி நேரம் அவளுக்கு மலாய், ஒரு மணி நேரம் எனக்குக் கொரிய மொழி. என்னைவிட ஒரு வயது இளையவள் என்பதால் என்னை ‘ஒன்னி’ என்று அழைப்பாள். ஒரு பெண் தன் அக்காளை அழைக்கும் சொல் அது. கொரியாவில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமில்லை. நானும் இக்கட்டுரையில் அவர்கள் குடும்பத்தார் எவர் பெயரையும் சொல்லாமல் உறவுமுறையாலேயே குறிப்பிடுகிறேன்.

“ஒன்னி, சனிக்கிழமை ஊருக்குப் புல் வெட்டப் போகிறோம். வருகிறீர்களா?” என்று அவள் கேட்டபோது, ஏதோ வயல் வேலை என்றுதான் எண்ணினேன். அவள் குறிப்பிட்டது ‘பொல்ச்சோ’ என்னும் சடங்கு. முன்னோர் கல்லறைகளில் ஓராண்டாக வளர்ந்திருக்கும் புல்லை வெட்டித் துப்புரவு செய்வதற்கு அப்பெயர்.

கொரியர்களின் பெருவிழாக்கள் இரண்டு. ஒன்று சந்திர நாள்காட்டியின் புத்தாண்டு. மற்றொன்று எட்டாம் மாதத்து முழுநிலவு நாளில் வரும் ‘சூசொக்’. சூசொக் அன்று புது அரிசி, பழங்கள் முதலியவற்றை முன்னோர்க்குப் படைத்து வணங்குவர். அதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே கல்லறைகளில் புல் வெட்டிவிட வேண்டும். ஆகஸ்டு 23ஆம் நாளை ஒட்டி வரும் பருவநாளுக்குப் பிறகு வெயில் தணிந்து புல்லின் வளர்ச்சி நின்றுவிடும் என்பது உழவர் கணக்கு. அந்த நாள் கடந்துவிட்டால் கொசுவின் வாயும் கோணிக்கொள்ளும் என்று ஒரு பழமொழி கூறுகிறார்கள். கொசுவே கடிக்க முடியாத அளவுக்குக் குளிர் வந்துவிடும் என்பது பொருள். 2024இல் அந்தப் பழமொழி பொய்த்துப் போனது. செப்டம்பரிலும் கோலாலம்பூரைப் போலவே வெயில் காய்ந்தது. கொசுக்களும் நன்றாகவே கடித்தன.

அவ்வாண்டு சூசொக் செப்டம்பர் 17இல் வந்தது. நம் நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். மறுநாளே மகாளய பட்சம் தொடங்கியது! இரண்டு நாள்காட்டிகளும் நிலவைப் பின்பற்றுவதால் நேர்ந்த பொருத்தம் இது. மிகைமாதங்கள் சேர்க்கப்படும் முறை வேறுபடுவதால் எல்லா ஆண்டும் இப்படிப் பொருந்துவதில்லை. எனினும், நாமும் அவர்களும் ஆண்டின் ஏறத்தாழ ஒரே காலத்தில் இறந்தவரை நினைக்கிறோம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இல்வாழ்வான் கடமைகளைச் சொல்ல வந்த வள்ளுவரும் தென்புலத்தாரையே முதலில் வைத்தார் அல்லவா?

அதிகாலைப் பயணம்

அதிகாலை நான்கரை மணிக்குப் புறப்பட்டோம். மகிழுந்தில் தோழியின் பெற்றோர், தோழி, அவள் தங்கை, நான் என ஐவர். “ஐந்து மணியைத் தாண்டினால் நெடுஞ்சாலை நகராது. நாடே இன்று புல் வெட்டப் போகிறது,” என்றார் தோழியின் அப்பா. அவர் சொன்னது உண்மைதான். மேற்குக் கடற்கரை நெடுஞ்சாலையில் இருள் விலகுமுன்பே வாகன வரிசை நீண்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, 7.3 கிலோமீட்டர் நீளமுள்ள சொஹே பெரும்பாலத்தைக் கடக்கும்போதுதான் பொழுது புலர்ந்தது.

நாங்கள் சென்ற ஊர் தெற்கு சுங்சொங் மாநிலத்தின் யேசான் வட்டாரத்தில் இருக்கிறது. ஆப்பிளுக்குப் பெயர்போன இடம். அங்குள்ள சுதொக்சா என்னும் பௌத்தக் கோயிலின் தலைமை மண்டபம் 1308ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. கொரியாவின் மிகப் பழைய மரக் கட்டடங்களுள் ஒன்று. ஆனால் நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. நெல் மஞ்சளாகத் தொடங்கியிருந்த வயல்களைத் தாண்டி, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இறங்கினோம். சாலையோரத்தில் பாய் விரித்துச் சிவப்பு மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். வெட்டிய எள்ளுச் செடிகளைக் கட்டுக்கட்டாகச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். மிளகாய் நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு அம்மாச்சி வீட்டு முற்றம் நினைவுக்கு வந்துவிட்டது.

பெரியப்பாவும் ‘குன் அபொஜி’யும்

ஊர் எல்லையில் தோழியின் பெரியப்பா குடும்பத்தார் காத்திருந்தனர். இங்கே ‘பெரியப்பா’ என்று நான் மொழிபெயர்த்து எழுதவில்லை. கொரிய மொழியில் தந்தையின் அண்ணனுக்கு ‘குன் அபொஜி’ என்று பெயர். ‘பெரிய தந்தை’ என்பதே அதன் நேர்ப்பொருள். தந்தையின் தம்பி ‘ஜகுன் அபொஜி’, அதாவது சிறிய தந்தை, நம் சிற்றப்பா. ‘குன்’ என்பதிலுள்ள உகரம் இதழைக் குவிக்காமல் ஒலிப்பது. பேச்சில் நாம் ஒலிக்கும் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் எளிதில் வந்துவிடும். கொரிய மொழி ஆசிரியர் என்னைப் பாராட்டிய ஒரே ஒலி இதுதான்!

தந்தையை அவர்களும் ‘அப்பா’ என்றே அழைக்கிறார்கள். தாயை ‘ஒம்மா’ என்கிறார்கள். இதைக் கேட்டதும் இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்று முடிவுகட்டிவிட நமக்கு ஆசை எழும். அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1905ஆம் ஆண்டிலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை. இரு மொழிகள் ஓரினம் என்று நிறுவ வேண்டுமானால், சில சொற்கள் ஒத்திருந்தால் போதாது. ஒலிகள் ஒழுங்கு முறையில் ஒத்துவர வேண்டும். தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்களோ மழலையின் முதல் ஒலிகளிலிருந்து பிறப்பவை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மொழிகளிலும் அவை ஒத்திருக்கும்.

சொல்லொலியைவிட, உறவுகளை அவர்கள் அடுக்கும் முறைதான் என்னை ஈர்த்தது. தாயுடன் பிறந்தவள் ‘இமோ’. தந்தையுடன் பிறந்தவள் ‘கோமோ’. நம்மைப் போலவே தாய்வழி வேறு, தந்தைவழி வேறு. நெருக்கத்தை எண்ணால் அளக்கவும் செய்கிறார்கள். பெற்றோர் ஒரு ‘சோன்’, உடன்பிறந்தார் இரண்டு சோன், தந்தையின் உடன்பிறந்தார் மூன்று, அவர்கள் பிள்ளைகள் நான்கு. சிற்றப்பா முறையினரைக் குறிக்கும் ‘சம்சோன்’ என்னும் சொல்லுக்கு ‘மூன்று சோன்’ என்றே பொருள்.

இதைக் கேட்ட உற்சாகத்தில், நம்மவரிடையே மாமன் மகளை மணக்கும் உரிமை உண்டு என்று நான் சொல்லிவிட்டேன். பெரியம்மா கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். கொரியாவில் ஒரே குடும்பப்பெயரும் ஒரே பூர்வீக ஊரும் கொண்ட இருவர், நேரடி உறவே இல்லாவிட்டாலும், மணந்துகொள்ள முடியாது என்று சட்டம் இருந்தது. 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. எட்டாம் சோனுக்கு உட்பட்டவரை மணக்க இன்றும் தடை உண்டு. “நான்காம் சோனையா மணக்கிறீர்கள்?” என்று பெரியம்மா என்னிடம் மூன்று முறை கேட்டார். எங்கள் தலைமுறையில் அது குறைந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மலைச்சரிவில் ஒன்பது மேடுகள்

ஊருக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒன்பது கல்லறைகள் இருந்தன. சவப்பெட்டி வடிவிலான கல்லறைகள் அல்ல. புல் போர்த்திய வட்டமான மண்மேடுகள். முன்னால் படையல் வைக்க ஒரு கல்மேசை, பெயர் பொறித்த ஒரு கல். பின்னால் மலையும் முன்னால் நீரும் அமைந்த தென்முகச் சரிவே சிறந்த இடம் என்பது அவர்கள் மனையடி நம்பிக்கை. ஆகவேதான் கொரியாவில் மலையோரமாகப் பயணம் செய்யும்போது, காட்டின் நடுவே இத்தகைய மேடுகள் பசுமையாகத் தென்படுகின்றன.

ஆண்கள் புல்வெட்டும் இயந்திரத்தை முதுகில் சுமந்துகொண்டார்கள். நம் நெடுஞ்சாலை ஓரங்களில் பார்க்கிறோமே, அதே இயந்திரம்தான். உடனே வேலையைத் தொடங்கவில்லை. முதலில் நீண்ட கழியால் புதர்களைத் தட்டிப் பார்த்தார் பெரியப்பா. குளவிக் கூடு இருக்கிறதா என்று அறியவே அந்தச் சோதனை. ஒவ்வோர் ஆண்டும் இக்காலத்தில் குளவி கொட்டி உயிரிழப்போர் உண்டு. இயந்திரத்தால் கால் அறுபடுவோரும் உண்டு. நாங்கள் முழங்கால்வரை காலணி, முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி அணிந்திருந்தோம். மேட்டின்மீது இயந்திரத்தை ஓட்டினால் மண் பெயரும் என்பதால் அங்கே அரிவாள்தான். வெட்டிய புல்லை வாரிக் குவிப்பது பெண்கள் வேலை. முன்பெல்லாம் பெண்கள் இதற்கு வருவதே இல்லையாம். இப்பொழுது வராவிட்டால் ஆளில்லை. பெரியப்பாவுக்கு ஒரே மகள். தோழி வீட்டிலும் இரு பெண்கள்.

மூன்று மணி நேரம் வேலை நடந்தது. அறுபத்தைந்து வயதான பெரியப்பா மேட்டுக்கு மேடு நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு மேட்டருகிலும் அங்குப் படுத்திருப்பவரைப் பற்றி ஒரு செய்தி சொன்னார். “இவர் என் தாத்தா. ஜப்பானியர் காலத்தில் சுரங்க வேலைக்குக் கொண்டு போகப்பட்டுத் திரும்பி வந்தவர். இது என் பாட்டி. பேரிக்காய் என்றால் உயிர். இவர் தாத்தாவின் அண்ணன். பிள்ளை இல்லை, அதனால் நாம்தான் வெட்ட வேண்டும்.” கல்லைப் படித்து அவர் சொல்லவில்லை. கல்லில் இருந்தவை சீன எழுத்துகள். தோழியால் அவற்றைப் படிக்கவும் முடியாது.

வேலை முடிந்ததும் கல்மேசையில் உலர்ந்த மீன், ஆப்பிள், பேரிக்காய் வைத்தார்கள். ‘மக்கொல்லி’ என்னும் அரிசி மதுவைக் கிண்ணத்தில் ஊற்றிப் படைத்து, மேட்டைச் சுற்றித் தெளித்தார்கள். பிறகு நெடுஞ்சாண் கிடையாக அல்ல, மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி வணங்கினார்கள். உயிருடன் இருப்பவர்க்கு ஒரு வணக்கம், இறந்தவர்க்கு இரண்டு. “நீ விருந்தாளி, வணங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எங்கள் கிறித்துவ உறவினர்கள் நின்று செபம் மட்டும் செய்வார்கள்,” என்றார் தோழியின் அப்பா.

நான் வணங்கினேன். அந்த மக்கொல்லி பால்போல் வெண்மையாக இருந்தது. புளிப்பு மணமும் நம் கள்ளை ஒத்திருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கு முதல் நாளும் எங்கள் வீட்டில் தாத்தாவுக்குப் படையல் போடுவோம். அப்பா எங்கிருந்தோ ஒரு குவளைக் கள் வாங்கி வந்து இலையருகில் வைப்பார். பால்மரம் வெட்டிக் களைத்து வந்தவருக்கு அதுதான் பிடிக்குமாம். நான் பிறப்பதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே, 1991இல், இறந்துபோன தாத்தாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திண்ணையில் ஒரு கேள்வி

மதிய உணவு பாட்டி வீட்டில். தோழியின் பாட்டிக்கு அப்பொழுது எண்பத்தாறு வயது. மூட்டுவலியால் மலையேறுவதில்லை. நான் மாட்டிறைச்சி உண்பதில்லை என்று முன்கூட்டியே கேட்டறிந்து கோழி வேகவைத்திருந்தார். சோயா விழுதுக் குழம்பு, வெங்காயத் தாள் அடை, பூசணிப் பொரியல், அவரே போட்ட கிம்ச்சி. முற்றத்து மேடையில் குழம்பு விழுதுகள் நிறைந்த பெரிய சாடிகள் வரிசையாக நின்றன.

1970ஆம் ஆண்டில் ‘செமாவுல்’ என்னும் புதுக்கிராம இயக்கம் தொடங்கியபோது, நாட்டின் முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்களுக்கு அரசு ஊருக்கு 335 மூட்டை சிமெண்டு வழங்கியது. அந்தச் சிமெண்டில்தான் இந்த ஊர்ப் பாதை போட்டார்கள் என்றார் பாட்டி. பாதை வந்தது; அதே பாதையில் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அவர் கை நீட்டிக் காட்டிய பன்னிரண்டு வீடுகளில் ஐந்து பூட்டிக் கிடந்தன. மற்ற வீடுகளிலும் முதியவர்கள்தாம். பகலெல்லாம் அவர்கள் ஊர்ப் பொதுமண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்களாம்.

உணவு முடிந்ததும் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மா, அடுத்த ஆண்டு யுன்தல் வருகிறது. கல்லறைகளை எடுத்து எரியூட்டி, எல்லாரையும் ஒரே இடத்தில் ஒரு மரத்தடியில் வைத்துவிடலாம் என்று நினைக்கிறோம். எனக்குப் பிறகு இந்தப் பெண்பிள்ளைகளால் மலையேறி ஒன்பது மேட்டுக்குப் புல் வெட்ட முடியாது.”

பாட்டி பதில் பேசவில்லை. சுங்சொங் மக்கள் நிதானமாகப் பேசுபவர்கள், மறுப்பையும் நேரே சொல்லமாட்டார்கள் என்று கொரியர்களே சொல்வார்கள். சற்று நேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பினார்.

“உங்கள் ஊரில் தாத்தா கல்லறைக்கு யாரம்மா புல் வெட்டுகிறார்கள்?”

“இப்பொழுது அங்கே வீடுகள் இருக்கின்றன, பாட்டி,” என்றேன்.

என் கொரிய மொழியில் பிழை என்று எண்ணி அவர் மீண்டும் கேட்டார். தோழியின் உதவியோடு விளக்கினேன். தாத்தாவை நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். தோட்டம் விற்கப்பட்டது. மக்கள் லயங்களைக் காலி செய்துகொண்டு வெளியேறினார்கள். பிறகு அங்கே வீடமைப்புப் பகுதி எழுந்தது. அப்பா ஒருமுறை எங்களை அழைத்துச் சென்று, “ஏறக்குறைய இந்த இடம்தான்,” என்று ஒரு விளையாட்டுத் திடலின் ஓரத்தைக் காட்டினார்.

பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். “மண் போனால் போகட்டும். அவர்கள் பெயர்களையாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?”

தாத்தாவின் பெயர் தெரியும். அவருடைய தந்தையின் பெயர்? கப்பலேறி வந்த கொள்ளுப்பாட்டியின் பெயர்? பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு பயிலும் எனக்கு எதுவும் தெரியவில்லை. அதுதான் நான் விடை கூற இயலாத கேள்வி.

கல்லறைகள் ஏன் இடம் மாறுகின்றன?

பெரியப்பா சொன்னது அவர் குடும்பத்தின் சிக்கல் மட்டுமன்று. கன்பியூசிய நெறி வழிவந்த கொரியர்கள் நெடுங்காலம் உடலைப் புதைப்பதையே முறையாகக் கொண்டிருந்தனர். ஆனால் 2005ஆம் ஆண்டில் எரியூட்டல் முதன்முறையாகப் பாதியைத் தாண்டியது. இன்று இறப்பவர் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் எரியூட்டப்படுகின்றனர். நிலம் குறைவு, பிள்ளைகள் குறைவு, இருப்பவர்களும் நகரங்களில். சட்டமும் மாறியது. 2001 ஜனவரிக்குப் பின் அமைந்த கல்லறைகளுக்குக் கால வரம்பு உண்டு. இப்போதைய விதிப்படி 30 ஆண்டுகள். மேலும் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீட்டிக்கலாம். புல் வெட்ட ஆளில்லாதவர்கள் வேளாண் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கட்டணம் செலுத்தினால், அவர்களே வெட்டிவிட்டு நிழற்படம் அனுப்பிவைக்கிறார்கள்.

கல்லறையை இடம் மாற்றுவது அச்சத்திற்குரிய செயல். அதை மையமாக வைத்து 2024 பிப்ரவரியில் வெளியான ‘பாம்யோ’ என்னும் திரைப்படத்தைக் கொரியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆகவே நாள் பார்த்தே செய்கிறார்கள். ‘யுன்தல்’ என்பது சந்திர நாள்காட்டியில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்க்கப்படும் மிகைமாதம். கணக்கில் இல்லாத அந்த மாதத்தில் தெய்வங்களும் ஆவிகளும் கண்காணிப்பதில்லை. எனவே கல்லறையைத் தொட்டாலும் தீங்கு வராது என்பது நம்பிக்கை. 2025இல் அது ஜூலை 25 முதல் ஆகஸ்டு 22 வரை வந்தது. அந்த மாதத்தைத்தான் பெரியப்பா குறித்திருந்தார்.

பாட்டியின் நிபந்தனை

என்னிடம் பேசி முடித்த பாட்டி, பெரியப்பாவை உள்ளே அனுப்பி ‘ஜொக்போ’வை எடுத்துவரச் செய்தார். அது குலவரலாற்று நூல். தலைமுறை தலைமுறையாக ஆண்களின் பெயர்கள், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, கல்லறை இருக்கும் மலை எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. இருபதுக்கு மேற்பட்ட தலைமுறைகள்! எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

“இதில் நான் எங்கே இருக்கிறேன், காட்டு,” என்றார் பாட்டி.

பெரியப்பா விரல் வைத்த இடத்தில் பாட்டியின் பெயர் இல்லை. அவர் பிறந்த குலமும் குடும்பப்பெயரும் மட்டுமே இருந்தன. பழைய ஜொக்போக்களில் மருமகளாக வந்தவர்களைப் பதியும் முறை அது. ஊரிலும் அவரைப் பெயர் சொல்லி எவரும் அழைத்ததில்லை. பக்கத்து வட்டாரமான ஹொங்சொங்கிலிருந்து பத்தொன்பது வயதில் மணமாகி வந்ததால் ‘ஹொங்சொங்தெக்’ என்றே இன்றும் அழைக்கிறார்கள். ‘ஹொங்சொங் வீட்டுப் பெண்’ என்பது போன்ற பொருள்.

“என் மாமியார் பெயர் எனக்குத் தெரியும். அவருடைய மாமியார் பெயரை அவர் எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். இந்தப் புத்தகத்தில் அவை இல்லை. நான் போனால் அவையும் போய்விடும்,” என்றார் பாட்டி. “எடுத்து மாற்றுங்கள், எனக்குச் சம்மதம். ஆனால் வைக்கும் கல்லில் எல்லார் பெயரும் இருக்க வேண்டும், பெண்கள் பெயரும் சேர்த்து. சீன எழுத்தில் வேண்டாம். இந்தப் பிள்ளைகள் படிக்கும்படி நம் எழுத்தில் வெட்டுங்கள்.”

பெரியப்பா தலையசைத்தார். தோழி தன் கைத்தொலைபேசியை எடுத்து, பாட்டி சொல்லச் சொல்ல அந்தப் பெயர்களைப் பதிவு செய்தாள். மாலையில் புறப்படும்போது ஒரு பை மிளகாய்த்தூளும் ஒரு போத்தல் எள் எண்ணெயும் என் கையில் திணிக்கப்பட்டன. சியோல் வந்துசேர ஐந்து மணி நேரம் ஆயிற்று. நெடுஞ்சாலையில் எங்களைப் போலவே புல் வெட்டித் திரும்பும் குடும்பங்கள்.

நம் ஏட்டில் எத்தனை பெயர்கள்?

2025 ஆகஸ்டில் தோழி ஒரு படம் அனுப்பினாள். இளம் ஊசியிலை மரம் ஒன்று. அதன் அடியில் தரையோடு பதித்த கல். அதில் கொரிய எழுத்தில் ஒன்பது பெயர்கள். அவற்றுள் நான்கு பெண்களுடையவை. கீழே இன்னும் சில பெயர்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். “பாட்டி போய்ப் பார்த்துவிட்டார், ஒன்னி. புல் குறைவாக இருக்கிறது என்று மகிழ்ந்தார்,” என்று எழுதியிருந்தாள்.

நாடு திரும்பியதும் நானும் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தேன். அப்பாவின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கினேன். தாத்தாவின் பழைய அடையாள அட்டையை அத்தை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தந்தை பெயர்தான். ஆகவே இன்னாருக்கு மகன் என்ற அந்த ஒரு சொல் கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தது. அத்தையின் திருமண அழைப்பிதழில் பாட்டியின் முழுப்பெயரும் பிறந்த தோட்டத்தின் பெயரும் கிடைத்தன. அதே தோட்டத்தில் வாழ்ந்து இப்பொழுது சிரம்பானில் இருக்கும் ஒரு மூதாட்டியைத் தேடிச் சென்றோம். ஆயாக் கொட்டகையில் அப்பாவைப் பார்த்துக்கொண்டவர் அவர். இடுகாட்டில் யார் யார் எந்த வரிசையில் இருந்தார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பதினேழு பெயர்கள் எழுதிக்கொண்டேன். அவற்றுள் பல எங்கள் உறவினர் அல்லாதவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எங்கோ இருப்பார்கள். சிலர் இந்த இதழைக்கூடப் படிக்கலாம்.

நம்மிடம் ஜொக்போ இல்லை. தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. அவற்றோடு கோயில்களும் இடுகாடுகளும் போயின. அதை இனி நம்மால் தடுக்க முடியாது. ஆனால் கொரியக் குடும்பம் ஒன்பது மேடுகளையும் துணிந்து கலைத்ததற்குக் காரணம், அங்கே இருந்தவர்கள் யார் என்று சொல்ல ஒருவர் இருந்ததும், அவர் சொன்னதை எழுதிக்கொள்ள ஒருத்தி இருந்ததும்தான். நம் வீடுகளிலும் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு தாளும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள். நான்கு தலைமுறை கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, திருமண அழைப்பிதழ் எல்லாவற்றையும் பாருங்கள். பெண்களின் பெயர்களைத் தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

என் பட்டியல் இன்னும் முழுமை பெறவில்லை. கப்பலில் வந்த கொள்ளுப்பாட்டியைத் தோட்டத்தில் எல்லாரும் ‘சேலத்து ஆயா’ என்றே அழைத்தார்களாம். ஹொங்சொங்தெக் போலவே, ஊர்ப்பெயர் மட்டும். சிரம்பான் மூதாட்டிக்கும் அவர் இயற்பெயர் தெரியவில்லை. பத்தாங் மலாக்காவில் இன்னொருவர் இருக்கிறார், அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்றார். தீபாவளிக்கு முன் போய்வர வேண்டும்.